எக்மோவில் இருக்கும் இதயத்தின் சுமையை எதைக் கொண்டு இறக்குவது?

எக்மோ என்ற சொல் தமிழ்நாட்டு வீடுகளுக்குப் பழக்கமானது 2016 டிசம்பரில், அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதாவின் இதயம் நின்றுபோய் அவருக்கு அந்தக் கருவி பொருத்தப்பட்டது என்ற செய்தி வந்தபோதுதான். இரத்தத்தை உடலுக்கு வெளியே எடுத்து, ஆக்சிஜன் ஏற்றி, பம்ப் மூலம் திரும்பச் செலுத்தும் கருவி அது. கொரோனா காலத்தில் அதே சொல் மீண்டும் செய்திகளில் நிறைந்தது. ஆனால் அப்போது பெரும்பாலும் பேசப்பட்டது நுரையீரலுக்காக வைக்கப்படும் எக்மோ. அதில் சிரையிலிருந்து எடுக்கப்படும் இரத்தம் ஆக்சிஜன் ஏற்றப்பட்டுச் சிரைக்கே திரும்புகிறது. இதயத்துக்காக வைக்கப்படும் எக்மோவிலோ, சிரையிலிருந்து எடுத்த இரத்தம் தமனிக்குள் செலுத்தப்படுகிறது. இந்த இரண்டாவது வகையில்தான் இக்கட்டுரை பேசும் சிக்கல் எழுகிறது. ஐசியூவில் முடிவெடுக்கும் இளம் மருத்துவர்கள், இரவெல்லாம் அளவுகளைக் குறித்துக்கொண்டிருக்கும் செவிலியர்கள், இன்னொரு கருவிக்கும் ஒப்புதல் கையெழுத்துக் கேட்கப்படும் குடும்பத்தினர் ஆகிய மூவருக்கும் இது பயன்பட வேண்டும் என்று விரும்புகிறேன்.

தொடைத் தமனியில் வைத்த குழாய் வழியே எக்மோ நிமிடத்துக்கு 3 முதல் 5 லிட்டர் வரை இரத்தத்தைப் பெருந்தமனிக்குள் கீழிருந்து மேலாகத் தள்ளுகிறது. இயற்கையான ஓட்டத்துக்கு இது எதிர்த்திசை. மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் கல்லீரலுக்கும் உயிர் கொடுக்கும் இந்த ஓட்டமே, மாரடைப்பாலோ இதயத் தசை அழற்சியாலோ தளர்ந்து கிடக்கும் இடது கீழறையின் வாசலில் கூடுதல் அழுத்தமாக வந்து நிற்கிறது. அறை ஓரளவு வலுவுடன் இருந்தால் அந்த அழுத்தத்தை மீறிப் பெருந்தமனி வால்வைத் திறந்துவிடும். வலு இல்லையென்றால் வால்வு மூடியே கிடக்கும். எக்மோ எவ்வளவுதான் சிரை இரத்தத்தை உறிஞ்சினாலும், நுரையீரலின் மூச்சுக்குழல் சிரைகள் வழியாகவும் இதயத் தசையின் நுண்சிரைகள் வழியாகவும் கொஞ்சம் இரத்தம் இடப்பக்கம் வந்துகொண்டேதான் இருக்கும். வெளியேற வழியில்லாத அந்த இரத்தம் சேரச் சேர அறை விரிகிறது. அழுத்தம் இடது மேலறைக்கும் அங்கிருந்து நுரையீரலுக்கும் பின்னோக்கி ஏறி, நுரையீரலில் நீர் கோக்கிறது.

இதில் மூன்று கேடுகள் ஒன்றையொன்று வளர்க்கின்றன. விரிந்த அறையின் சுவர் இழுவிசை கூடுவதால் தசையின் ஆக்சிஜன் தேவை கூடுகிறது. அதே வேளையில் அறைக்குள் அழுத்தம் உயர்ந்திருப்பதால் தசையின் உள்ளடுக்குக்குப் போகும் இரத்தம் குறைகிறது. ஆக, ஓய்வு கொடுக்க வேண்டிய தசையைப் பட்டினி போட்டு வேலை வாங்குகிறோம். நுரையீரல் நீர்க்கோப்பு இரண்டாவது கேடு. மூன்றாவதுதான் எனக்கு மிகுந்த அச்சம் தருவது: அசையாமல் தேங்கிய இரத்தம் அறைக்குள்ளேயும் பெருந்தமனியின் வேரிலும் உறைந்துவிடுவது. அப்படி உறைந்த பின் நாம் ஒப்பிடவிருக்கும் வழிகளில் பாதி அடைபட்டுப் போகின்றன.

இச்சுமையைக் குறைப்பதைத்தான் சுமையிறக்கம் என்கிறோம். நம் ஊர்ச் சாலையோரங்களில் நிற்கும் சுமைதாங்கிக் கல், தலைச்சுமையோடு வருபவர் பிறர் உதவியின்றி இறக்கி வைத்து இளைப்பாறி, மீண்டும் தானே தூக்கிச் செல்லத் தக்க உயரத்தில் அமைக்கப்பட்டது. மிகத் தாழ்வாக இருந்தாலும் மிக உயரமாக இருந்தாலும் அது பயன்படாது. கருவியைத் தேர்வதிலும் கேள்வி அதுவேதான்; எது வலிமையானது என்று கேட்பதைவிட, இந்த இதயத்துக்கு இப்போது எவ்வளவு தேவை, அதற்கு நோயாளி கொடுக்கப்போகும் விலை என்ன என்று கேட்பதே பொருந்தும்.

யாருக்குத் தேவை என்பது முதல் கேள்வி

கருவிகளை ஒப்பிடும் முன் இதைத் தீர்க்காவிட்டால் ஒப்பீடே தடம் மாறிவிடும். எக்மோ வைத்த எல்லோருக்கும் அறை ஆபத்தாக விரிவதில்லை. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக மருத்துவர்கள் 2017இல் வெளியிட்ட 121 நோயாளிகள் பற்றிய ஆய்வில், உடனடியாகச் சுமையிறக்க வேண்டிய நிலைக்குப் போனவர்கள் 7 சதவீதம். நுரையீரல் தமனியின் அழுத்தமும் எக்ஸ்ரேயும் சேர்ந்து மறைவான விரிவைக் காட்டியவர்கள் 22 சதவீதம். மீதி சுமார் 70 சதவீதத்தினருக்கு அப்படியொரு சான்று இல்லை.

எனவே கூர்ந்து பார்ப்பதே முதல் சிகிச்சை. வலது மணிக்கட்டுத் தமனியில் வைத்த அழுத்தக் குழாயில் மேல் அளவுக்கும் கீழ் அளவுக்கும் இடையிலான வேறுபாடு 10 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே இறங்கினால், வால்வு சரியாகத் திறக்கவில்லை என்று ஐயப்பட வேண்டும். எக்கோவில் ஒவ்வொரு துடிப்புக்கும் வால்வு திறக்கிறதா, அறை நேற்றைவிடப் பெரிதாகியிருக்கிறதா, உள்ளே இரத்தம் புகைபோலச் சுழல்கிறதா என்று பார்க்க வேண்டும். நுரையீரல் தமனிக்குள் குழாய் இருந்தால், இடது மேலறையின் அழுத்தத்தை உணர்த்தும் அதன் ஆப்பு அழுத்தம் 18 மி.மீ.க்கு மேல் தங்குவது ஓர் எச்சரிக்கை. வென்டிலேட்டர் குழாயில் இளஞ்சிவப்பு நுரை வருவது மிகத் தாமதமான அறிகுறி. அதற்காகக் காத்திருப்பது தவறு.

வலது மணிக்கட்டு என்று குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இதயம் தானே வெளியேற்றும் இரத்தமும் எக்மோ தள்ளும் இரத்தமும் பெருந்தமனியில் எங்கோ ஓரிடத்தில் எதிரெதிராகச் சந்திக்கின்றன. நுரையீரல் கெட்டிருக்கும் வேளையில் இதயம் மட்டும் தேறினால், ஆக்சிஜன் குறைந்த இரத்தம் இதயத்தின் சொந்தத் தமனிகளுக்கும் மூளைக்கும் போகும். கால்களோ எக்மோவின் சிவந்த இரத்தத்தைப் பெறும். இதயத்திலிருந்து புறப்படும் இரத்தம் முதலில் எட்டும் கை வலதுகை என்பதால் அங்கே அளந்தால்தான் இது தெரியவரும். பின்னால் இம்பெல்லா என்ற சிறு பம்பைப் பற்றிப் பேசும்போது இது மீண்டும் வரும்.

கருவி சேர்க்காமல் செய்யக்கூடியவை

இன்னொரு தமனியில் துளை போடும் முன் கையிலிருப்பதைச் சரிசெய்து பார்ப்பதே முறை. எக்மோவின் ஓட்டத்தை உறுப்புகளுக்குப் போதுமான அளவுக்குக் குறைப்பது, இரத்தக் குழாய்களைச் சுருக்கும் நார்அட்ரினலின் போன்ற மருந்துகளை இயன்றவரை குறைத்துச் சராசரி அழுத்தத்தை 60 முதல் 65 மி.மீ. அளவில் நிறுத்துவது, டோபுட்டமின் அல்லது மில்ரினோன் கொண்டு வால்வு திறக்கும் அளவுக்குத் தசையை ஊக்குவது, சிறுநீர் மருந்தாலோ டயாலிசிஸ் மூலமோ மிகைநீரை எடுப்பது, வென்டிலேட்டரில் மூச்சின் இறுதி அழுத்தத்தை உயர்த்துவது ஆகியவை இதில் அடங்கும். செலவு குறைவு, புதிய துளை இல்லை.

ஆனால் இதன் எல்லை விரைவிலேயே வந்துவிடும். ஓட்டத்தைக் குறைக்கக் குறைக்க, எதற்காக எக்மோ வைத்தோமோ அந்தப் பலனே குறைகிறது. உறுப்புகளுக்கு ஆக்சிஜன் போதாதபோது இரத்தத்தில் கூடும் லாக்டேட் மீண்டும் ஏறினால் அது நமக்கான பதில். ஊக்க மருந்துகள் காயம்பட்ட தசையின் ஆக்சிஜன் தேவையைக் கூட்டுகின்றன, துடிப்பொழுங்கையும் கெடுக்கின்றன. சில மணி நேரத்துக்குள் வால்வு திறக்கத் தொடங்கினால் இவ்வழி போதும். திறக்கவில்லையென்றால் மருந்தின் அளவை ஏற்றிக்கொண்டே இரவைக் கடத்துவது நோயாளிக்கு நல்லதன்று என்பது என் உறுதியான எண்ணம்.

பலூன் பம்ப்

அமெரிக்க அறுவை மருத்துவர் ஏட்ரியன் கான்ட்ரோவிட்ஸ் 1967இல் முதன்முதலாக நோயாளிகளுக்குப் பயன்படுத்திய பெருந்தமனி பலூன் பம்ப், இன்றும் நம் நாட்டின் கேத் லேப்களில், அதாவது குழாய் செலுத்தி இதயச் சிகிச்சை செய்யும் கூடங்களில், எளிதாகக் கிடைப்பது. தொடைத் தமனி வழியே 7 அல்லது 8 பிரெஞ்சு அளவுள்ள (ஒரு பிரெஞ்சு என்பது மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு விட்டம்) மெல்லிய குழாயில் ஏறிச் சென்று, இடதுகைக்குப் பிரியும் தமனிக்குச் சற்றுக் கீழே, இறங்கு பெருந்தமனியில் நிற்கிறது. இதயம் விரியும்போது பலூன் ஹீலியத்தால் உப்புகிறது. சுருங்கத் தொடங்கும் நொடியில் சுருங்கி, எதிர்ப்பைக் குறைத்து, வால்வு திறக்க இடம் தருகிறது. பெரும்பாலும் எக்மோக் குழாய் இல்லாத மறு காலின் வழியே, தேவைப்பட்டால் படுக்கையருகிலேயே வைத்துவிடலாம்.

தனியாக வைத்தபோது இதன் பலன் ஏமாற்றம் அளித்தது. ஜெர்மனியில் 600 பேரிடம் நடந்து 2012இல் வெளியான ஐஏபிபி-ஷாக் 2 ஆய்வில், மாரடைப்பால் கார்டியோஜெனிக் ஷாக்கில், அதாவது இதயம் தளர்ந்து உறுப்புகளுக்குப் போதிய இரத்தம் போகாத நிலையில், விழுந்தவர்களில் பலூன் வைக்கப்பட்டவர்களின் 30 நாள் இறப்பு 39.7 சதவீதம், வைக்கப்படாதவர்களின் இறப்பு 41.3 சதவீதம், புள்ளியியல் நோக்கில் வேறுபாடே இல்லை. அந்த முடிவை அப்படியே எக்மோ நோயாளிக்குப் பொருத்துவது சரியன்று. அங்கே பலூனிடம் உடலுக்கே இரத்தம் கொடுக்கும் வேலை எதிர்பார்க்கப்பட்டது. இங்கே எக்மோ அதைச் செய்துவிடுகிறது, பலூன் வாசலை மட்டும் இளக்கினால் போதும். இருந்தாலும் அது தள்ளும் கருவியன்று, துணை செய்யும் கருவி. இதயத்திடம் சிறிதேனும் துடிப்பு மீதமிருந்தால்தான் அது பெருக்கிக் காட்டும். துடிப்பே இல்லாத தட்டையான அழுத்தக் கோட்டில் பலூன் உப்பிச் சுருங்குவதால் அறைக்கு ஆறுதல் கிடைப்பதில்லை. பெருந்தமனி வால்வு குறிப்பிடத்தக்க அளவு கசிந்தாலோ பெருந்தமனிச் சுவர் பிளந்திருந்தாலோ அதை வைக்கக் கூடாது.

இம்பெல்லா

ஒப்பீட்டில் அதிகம் வாதிடப்படுவதும், அதிக விலை கொடுக்க வைப்பதும் இதுதான். தொடைத் தமனி வழியே, அல்லது தோள்பட்டைக்குக் கீழுள்ள அக்குள் தமனி வழியே, பெருந்தமனி வால்வைக் கடந்து இடது கீழறைக்குள் நிற்கும் சிறு சுழல் பம்ப் இது. அறைக்குள்ளிருந்து இரத்தத்தை உறிஞ்சி ஏறு பெருந்தமனியில் விடுகிறது. மற்ற வழிகள் எதிர்ப்பைக் குறைக்கின்றன அல்லது அறைக்கு வரும் இரத்தத்தைத் திருப்பிவிடுகின்றன. அறுவைக் குழாயை விட்டால், விரிந்த அறையை நேரடியாகக் காலி செய்வது இது ஒன்றுதான். வால்வு திறக்காத இதயத்துக்கும் பயன்படுவது அதனால்தான். சிபி வகையின் பம்ப் 14 பிரெஞ்சு அளவு, நிமிடத்துக்குச் சுமார் 3.5 முதல் 4 லிட்டர் வரை தள்ள வல்லது. 5.5 வகை அதைவிடப் பெரிது. அறுவை முறையில் அக்குள் தமனியில் செயற்கைக் குழல் தைத்துப் பொருத்த வேண்டும், ஆனால் கால்கள் விடுபடுவதால் நோயாளி எழுந்து நடக்கக்கூட முடியும்.

எக்மோவோடு சேர்த்து இயக்கும்போது இதை முழு வேகத்தில் ஓட்டுவதில்லை. எக்மோ ஏற்கெனவே இரத்தத்தின் பெரும்பகுதியை வலப்பக்கத்திலேயே எடுத்துவிடுவதால் அறைக்குள் வருவது குறைவு. வேகத்தை ஏற்றினால் பம்ப் அறைச் சுவரையே உறிஞ்சி, சிவப்பணுக்களை அரைத்துவிடும். சிறுநீர் தேநீர் நிறத்துக்கு மாறினாலோ, இரத்தத்தில் கட்டற்ற ஹீமோகுளோபின் ஏறினாலோ, முதலில் எக்கோ எடுத்துக் குழாயின் இடத்தைப் பார்க்க வேண்டும். சிபி வகையின் உறிஞ்சுவாய் வால்வுக்குச் சுமார் 3.5 செ.மீ. கீழே இருக்க வேண்டும். நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்கும்போதே அது நகர்ந்துவிடக்கூடும் என்பதால், இக்கருவியின் வெற்றி பொருத்துபவர் கையில் மட்டுமன்றி இரவுப்பணிச் செவிலியரின் கவனத்திலும் இருக்கிறது. இன்னொன்றையும் மறக்கக் கூடாது. இம்பெல்லா வெளியேற்றுவது நுரையீரல் வழியே வந்த இரத்தத்தை. நுரையீரல் மோசமாக இருந்தால், முன்னர் சொன்ன ஆக்சிஜன் குறைந்த இரத்தத்தை நாமே பம்ப் வைத்து மூளைக்கு அனுப்புகிறவர்களாவோம்.

சான்றுகள் என்ன சொல்கின்றன? 2020இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்றில் 16 மையங்களின் 686 நோயாளிகளிலிருந்து, எக்மோவோடு இம்பெல்லா பெற்றவர் 255 பேரும் எக்மோ மட்டும் பெற்ற 255 பேரும் இணையிணையாகப் பொருத்தி ஒப்பிடப்பட்டார்கள். சேர்த்து வைத்தவர்களிடம் 30 நாள் இறப்பு அபாயம் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. அதே ஆய்வு விலையையும் ஒளிக்காமல் சொன்னது: கடும் இரத்தப்போக்கு 38.4 சதவீதத்தினருக்கு, எக்மோ மட்டும் பெற்றவர்களில் 17.9 சதவீதத்தினருக்கு, தமனித் துளையால் கால் இரத்தமின்றித் தவித்தது 21.6 சதவீதம், எதிரணியில் 12.3 சதவீதம், டயாலிசிஸ் தேவைப்பட்டது 58.5 சதவீதம், எதிரணியில் 39.1 சதவீதம். இது குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய ஆய்வன்று. எவ்வளவு நுட்பமாக இணை சேர்த்தாலும், இம்பெல்லா வைக்கத் தகுந்தவர் என்று ஒரு மருத்துவர் தேர்ந்தெடுத்த அந்தத் தேர்வின் சாயல் முடிவில் கலந்தேயிருக்கும்.

2024இல் வெளியான டேஞ்சர் ஷாக் ஆய்வு குலுக்கல் முறையிலானது. டென்மார்க், ஜெர்மனி, பிரிட்டன் ஆகிய நாடுகளில் பெரிய மாரடைப்பால் ஷாக்கில் விழுந்த 355 பேரின் தரவுகளில், இம்பெல்லா சிபி பெற்றவர்களின் 180 நாள் இறப்பு 45.8 சதவீதம், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களிடம் 58.5 சதவீதம். இத்துறையில் இவ்வளவு தெளிவான உயிர்ப்பயன் காட்டிய ஆய்வுகள் மிகவும் அரியவை என்பதால் இதை மகிழ்ச்சியோடு வரவேற்கிறேன். ஆனால் அது எக்மோவோடு சேர்த்து வைப்பதைச் சோதித்த ஆய்வன்று. இதயம் நின்று நினைவு திரும்பாதவர்கள் அதில் சேர்க்கப்படவில்லை. நம் ஐசியூக்களில் எக்மோவுக்கு வருபவர்களில் பலர் அப்படிப்பட்டவர்களே. மேலும் அதிலும் இரத்தப்போக்கு, கால் இரத்தவோட்டத் தடை முதலிய கடும் பக்கவிளைவுகளின் கூட்டு அளவு 24 சதவீதம், எதிரணியில் 6.2 சதவீதம்.

அறைக்குள் உறைகட்டி இருந்தால் இம்பெல்லா வைக்கக் கூடாது. பெருந்தமனி வால்வு உலோகச் செயற்கை வால்வாக இருந்தாலும் கூடாது. கால் தமனிகள் சுருங்கிச் சுண்ணாம்பு படிந்திருந்தால் தொடை வழி அடைபடும். 2024 மார்ச்சில் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, இக்கருவி இடது கீழறைச் சுவரைத் துளைக்கக்கூடிய அபாயம் பற்றி மிகக் கடுமையான தரத்தில் எச்சரிக்கை வெளியிட்டது. 49 மரணங்கள் உட்பட 129 கடும் காயங்கள் அதில் குறிப்பிடப்பட்டன. பழகிய கைகளும் எக்கோவும் இல்லாத இடத்தில் இதைத் தொடங்க வேண்டாம் என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

மேலறைச் சுவரில் வழி திறப்பது

தொடைச் சிரை வழியே ஊசியைச் செலுத்தி இரு மேலறைகளுக்கும் இடையிலான சுவரைத் துளைத்து, பலூனால் அத்துளையை விரித்துவிட்டால், இடது மேலறையின் இரத்தம் அழுத்தம் குறைந்த வலப்பக்கம் பாய்ந்து எக்மோவுக்குப் போய்விடும். இன்னொரு முறையில், பக்கவாட்டில் பல துளைகள் கொண்ட ஒரே உறிஞ்சுகுழாயை அச்சுவரின் ஊடாக நிறுத்தி, இரு மேலறைகளிலிருந்தும் ஒரே நேரத்தில் இரத்தத்தை எடுக்கலாம். இதை லாவா எக்மோ என்கிறார்கள். புதிய தமனித் துளை இல்லை என்பதே இவ்வழியின் பெரும் வலிமை. கால் தமனிகள் மெலிந்தவர்களுக்கும், உலோக வால்வு உள்ளவர்களுக்கும், பெருந்தமனி வால்வு கசிபவர்களுக்கும் இதில் இடமுண்டு. கெட்டுப்போன நுரையீரலின் இரத்தத்தையும் எக்மோவுக்கே திருப்பிவிடுவதால் மூளைக்கு நீலமான இரத்தம் போகும் அச்சமும் குறைகிறது. துளை வேலை செய்கிறதா என்பதை எக்மோவில் ஆக்சிஜன் ஏற்றும் பகுதியான ஆக்சிஜனேட்டருக்கு முந்தைய இரத்தத்தின் ஆக்சிஜன் செறிவு சட்டென்று உயர்வதைப் பார்த்தே, கருவியை இயக்கும் பெர்ஃப்யூஷனிஸ்ட் சொல்லிவிடுவார்.

குறை என்னவென்றால், அறையின் அழுத்தம் தணிந்தாலும் வால்வு திறப்பதில்லை. இடப்பக்கம் வரும் இரத்தம் இன்னும் குறைந்துவிடுவதால், தளர்ந்த இதயம் வெளியேற்றுவது முன்னைவிடக் குறையவும் கூடும். அறைக்குள் தேக்கமும் உறைவும் ஏற்படும் ஆபத்து முழுமையாக நீங்கிவிட்டதாக எண்ணி, உறைவைத் தடுக்கும் மருந்தான ஹெப்பாரின் விஷயத்தில் தளர்ந்துவிடக் கூடாது. சுவரைத் துளைக்கும்போது ஊசி பிசகினால் இதய உறைக்குள் இரத்தம் சேரும்; இரத்தம் உறையாமல் மருந்து போய்க்கொண்டிருக்கும் நோயாளியிடம் அது உயிருக்கே ஆபத்து.

இவ்வழியைத் தென்கொரியாவின் குவாங்ஜு நகரிலுள்ள சொன்னாம் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை குலுக்கல் முறையில் சோதித்தது. 2023இல் வெளியான அந்த ஆய்வில் 116 பேர். பாதிப்பேருக்கு எக்மோ வைத்தவுடனேயே சுவர் திறக்கப்பட்டது, மறு பாதிக்குத் தேவை வந்தால் மட்டும். 30 நாள் இறப்பு 46.6 சதவீதமும் 44.8 சதவீதமுமாக ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. ஆனால் காத்திருந்த அணியிலும் 58 பேரில் 29 பேருக்குப் பின்னர் சுமையிறக்கம் தேவைப்பட்டுவிட்டது. இதை நான் இப்படிப் படிக்கிறேன்: எல்லோருக்கும் முன்கூட்டியே செய்வதால் உயிர் கூடுதலாகப் பிழைப்பதில்லை, அதே சமயம் காத்திருப்பது என்றால் கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்பதன்று, தேவை எழுந்த அன்றே செய்துவிடும் ஏற்பாட்டோடு காத்திருப்பது.

அறுவை வழிக் குழாய்

இதய அறுவை முடிந்து, அறுவையின்போது இதயத்தின் வேலையைச் செய்யும் இயந்திரத்தின் செயற்கைச் சுற்றோட்டத்திலிருந்து விடுபட முடியாமல் எக்மோவுக்குப் போகும் நோயாளிக்கு நெஞ்சு ஏற்கெனவே திறந்திருக்கிறது. வலது மேல் நுரையீரல் சிரை வழியாகவோ கீழறையின் நுனி வழியாகவோ குழாய் வைத்து எக்மோவின் உறிஞ்சுவழியோடு இணைத்துவிடுவது அங்கே இயல்பான தேர்வு. அக்கிளையில் ஓட்டம் குறைந்தால் அங்கேயே உறையும் என்பதால் அதற்கென்று தனி ஓட்டமானி வைக்க வேண்டும். நெஞ்சு மூடியிருக்கும் நோயாளிக்கு, மற்ற எல்லா வழிகளும் அடைபட்டாலன்றி இதற்காக விலாவைத் திறப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தேர்வு எப்படி அமையலாம்

கருவிகளை நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்த பெரிய தரவுத்தொகுப்பு ஒன்று உண்டு. எல்சோ என்ற பன்னாட்டு எக்மோ அமைப்பின் பதிவேட்டிலிருந்து 12,734 நோயாளிகளை ஆராய்ந்து 2022இல் வெளியான கட்டுரையில், சுமையிறக்கும் கருவி பெற்றவர்கள் 26.7 சதவீதம், அவர்களில் ஆறில் ஐந்து பேருக்குப் பலூன், மற்றவர்களுக்குத் தோல்வழிப் பம்புகள். கருவி பெற்றவர்களில் மருத்துவமனை இறப்பு 56.6 சதவீதம், பெறாதவர்களில் 59.3 சதவீதம். பலூனுக்கும் பம்புக்கும் இடையே இறப்பில் வேறுபாடு தென்படவில்லை. இரத்தப்போக்கும் சிவப்பணுச் சிதைவும் பம்ப் வைத்தவர்களிடம் அதிகமாக இருந்தன. எல்லா நோயாளிகளையும் ஒரே கூடையில் போட்டால் வலிமையான கருவிக்குத் தனி மேன்மை இல்லை என்பதே இதன் பொருள். ஒரே கூடையில் போடக் கூடாது என்பதும் இதிலிருந்தே தெரிகிறது.

ஆகவே என் தேர்வு நோயாளியின் நிலையைப் பொறுத்துப் பிரிகிறது. வால்வு ஒவ்வொரு துடிப்புக்கும் அல்லது ஒன்றுவிட்டு ஒன்றுக்கேனும் திறக்கிறது, மணிக்கட்டு அழுத்தத்தில் சிறு அலை தெரிகிறது, ஆனால் எக்ஸ்ரே மங்கிக்கொண்டு வருகிறது என்றால், மருந்துச் சரிப்படுத்தலோடு பலூனை வைப்பேன். விலையும் கேடும் குறைவு, பெரும்பாலான ஊர்களில் கிடைக்கிறது. அலையே இல்லை, வால்வு மூடிக்கிடக்கிறது, அறை கண்ணெதிரே விரிகிறது, உறைகட்டி இல்லை, நுரையீரல் ஓரளவு நன்றாக இருக்கிறது, நோயாளி மீளக்கூடிய மாரடைப்பில் இருக்கிறார் என்றால், பலூனில் நேரத்தைக் கழிக்காமல் இம்பெல்லாவுக்கே போக வேண்டும். இவ்விடத்தில் தயங்கிவிட்டு மறுநாள் வைப்பது, கேடு முழுவதையும் ஏற்றுக்கொண்டு பலனைப் பாதியாக்குவது. அதே மூடிய வால்வோடு உள்ளே உறைகட்டியோ உலோக வால்வோ இருந்தால், அல்லது எக்ஸ்ரேயில் நுரையீரல் வெள்ளையாகிவிட்டிருந்தால், மேலறைச் சுவர் வழியே சரி. உறைகட்டி உள்ளவரிடம் இதயத்தை ஊக்க மருந்தால் விரட்டுவதிலும் எச்சரிக்கை வேண்டும்; திடீரென்று வலுப்பெற்ற ஒரு துடிப்பு அக்கட்டியை மூளைக்கு அனுப்பிவிடக்கூடும்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் நம் நாட்டில் இந்த ஒப்பீடு நேர்மையாகாது. இம்பெல்லாவின் விலை பலூனைப் போலப் பல மடங்கு. எக்மோவின் அன்றாடச் செலவுக்கே நிலத்தை விற்கும் குடும்பத்திடம் அதற்குமேல் பல இலட்சங்களைக் கேட்கிறோம். அப்படிக் கேட்கும்போது, இக்கருவி எதைச் சரிசெய்யும், எதைச் சரிசெய்யாது, எத்தனை நாளில் பலன் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் அடுத்தது என்ன என்ற நான்கையும் கூற வேண்டும். சுமையிறக்கம் தசைக்கு அவகாசம் மட்டுமே தருகிறது. அடைபட்ட தமனியைத் திறக்காமலோ, மாற்று இதயத்துக்கோ நிரந்தரப் பம்புக்கோ வழியில்லாமலோ அவகாசத்தை மட்டும் வாங்கிக்கொண்டிருந்தால், அதைக் குடும்பத்தினரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். எக்மோவையே எல்லோருக்கும் வைப்பதால் பலனில்லை என்பதை 2023இல் வெளியான இசிஎல்எஸ்-ஷாக் ஆய்வு காட்டியிருக்கிறது. 417 பேரில் 30 நாள் இறப்பு எக்மோவோடு 47.8 சதவீதம், இல்லாமல் 49 சதவீதம். அதில் எக்மோ பெற்றவர்களில் சுமையிறக்கம் செய்யப்பட்டவர்கள் 5.8 சதவீதமே என்பதைச் சுட்டி, சுமையிறக்கியிருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று சிலர் வாதிடுகிறார்கள். மாறியிருக்கலாம், ஆனால் அந்த ஊகத்தை வைத்து ஒரு குடும்பத்திடம் உறுதி கொடுக்க எனக்கு மனம் வராது.

எந்தக் கருவியைச் சேர்த்தாலும், சேர்க்கும் நாளிலேயே எடுக்கும் வரிசையையும் முடிவு செய்துவிடுவது நல்லது. இம்பெல்லா இருந்தால் முதலில் எக்மோவைக் குறைத்து எடுத்துவிட்டு, பம்பின் வேகத்தைக் கூட்டி, இடது அறையை அதன் துணையில் இன்னும் சில நாள் விடலாம். ஆனால் எக்மோ போனபின் வலது கீழறை தன் இரத்தத்தைத் தானே நுரையீரலுக்கு அனுப்ப வேண்டும் என்பதால், அதன் வலுவை எக்கோவில் முன்னதாகவே பார்த்திருக்க வேண்டும். பலூன் இருந்தாலும் வரிசை இதுவே, துணை மட்டும் சிறியது. மேலறைச் சுவரைத் திறந்தவர்களிடம் எக்மோ எடுத்தபின் துளை மீதமிருக்கும். லாவா குழாயும் உருவியபின் துளையை விட்டுச் செல்லும். பலருக்கு அது தொல்லை தருவதில்லை என்றாலும், வலப்பக்க அழுத்தம் உயர்ந்திருப்பவர்களுக்கு ஆக்சிஜன் குறைந்த இரத்தம் இடப்பக்கம் கசியக்கூடும். எனவே வீட்டுக்கு அனுப்பும் முன் ஓர் எக்கோவும், சில மாதங்கள் கழித்து இன்னொன்றும் எடுத்து, மூட வேண்டுமா என்பதை அப்போது தீர்மானிக்க வேண்டும். குழாய் இருந்த காலின் நாடியையும் ஒவ்வொரு வருகையிலும் தொட்டுப் பார்க்க வேண்டும்.